கொல்லைப்புற ஸ்பாவுக்கு நாமே டைல்ஸ் பதிப்பது எப்படி: சிங்கப்பூர்த் தரைவீட்டுக்காரர்களுக்கு

சுடுநீரில் அமர்ந்து குளிக்கும் கான்கிரீட் ஸ்பா தொட்டி இருக்கிற பழைய தரைவீட்டை ஆசைப்பட்டு வாங்கிவிடலாம். டைல்ஸ் உதிரத் தொடங்கியதும்தான் அதன் செலவு புரியும். எங்கள் தொட்டியில் முன்பு வேலை செய்த குத்தகையாளர், குளியலறைச் சுவருக்குப் போடும் பசையையும் வெள்ளை சிமெண்டையும் வைத்து முடித்துவிட்டுப் போயிருந்தார். சுடுநீர் ஓட ஆரம்பித்ததும் மொசைக் சில்லுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வடிகட்டியில் வந்து சேர்ந்தன. மறுபடி செய்ய விலை கேட்டால் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதித் தர யாரும் தயாராக இல்லை. அதனால் நானே இறங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, அழகுக்குத்தான் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங் அடுக்கு. அந்த அடுக்குக்கு எவ்வளவு செலவழித்தீர்கள், ஒவ்வொன்றும் காய எத்தனை நாள் விட்டீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஸ்பா தாக்குப்பிடிக்கும். கடையில் எல்லாரும் டைல் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். காத்திருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1. உங்கள் தொட்டிக்கு இது பொருந்துமா?

ஏற்கெனவே கட்டியிருக்கும் கான்கிரீட் தொட்டியில் பழைய டைல்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதற்கு மட்டும்தான் இந்தக் குறிப்புகள். அக்ரிலிக், ஃபைபர்கிளாஸ் தொட்டிகளை விட்டுவிடுங்கள். அவை சூட்டில் விரிந்து சுருங்கும், ஆள் இறங்கினால் சற்றே வளையும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

புதிதாகக் குழி தோண்டிக் கட்டுவது கட்டமைப்பு வேலை. நிபுணத்துவப் பொறியாளரும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிமுறைகளும் வரும் இடம் அது. அதை வார இறுதி வேலையாக நினைக்கவே வேண்டாம். சுவரை இடிப்பது, தொட்டியை ஆழமாக்குவது, உள்ளே உட்காரும் திட்டைப் பெயர்ப்பது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

கான்டோ எனும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் உங்களுக்கென்று தனி முற்றமும் அதில் ஸ்பாவும் இருந்தால், முதலில் நிர்வாகக் கழகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் திருப்பித் தரக்கூடிய முன்பணம் கேட்பார்கள். வேலை நேரத்தையும் அவர்களே சொல்வார்கள். முற்றத்துக்குக் கீழே அடித்தளக் கார்ப்பேட்டை இருந்தால், அதன் கூரையில் ஈரம் தெரிந்த அன்று முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அப்படிப்பட்ட இடத்தில் வாட்டர்புரூஃபிங்கை மட்டுமாவது உத்தரவாதம் தரும் நிறுவனத்திடம் விட்டுவிடுவது நல்லது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் குளியலறையில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே தரை டைல்ஸ் மாற்ற அனுமதி வேண்டும், பதிவுபெற்ற குத்தகையாளரும் வேண்டும். புதிய வீடு என்றால் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைச் சுவர், தரை டைல்ஸைத் தொடவே கூடாது.

2. நாள் குறிப்பது

தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் ஆரம்பிப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த வேலைக்கு அது ஒத்துவராது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வரும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையின் ஈரமான காலம். பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை வானம் ஓரளவு ஒத்துழைக்கும். அதை விட்டால் ஜூன், ஜூலை பரவாயில்லை. ஆனால் அந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு மழை அடிக்கும்.

எந்த மாதமானாலும் தொட்டிக்கு மேல் கூடாரமோ தார்ப்பாயோ கட்டாமல் தொடங்காதீர்கள். அது மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும்தான். கலந்த பசையை எவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்தவேண்டும் என்று பையில் அச்சிட்டிருப்பதெல்லாம் 23 பாகை செல்சியஸ் சூட்டில் அளந்தது. நம் ஊர் மதிய வெயிலில் கான்கிரீட்டைக் கையால் தொட முடியாது. அங்கே பையில் போட்ட 30 நிமிடம் பாதியாகக்கூடக் குறையும். அதனால் பதிக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் அடுத்த 2 மணி நேர வானிலை தெரியும். பசையைக் கலக்குவதற்கு முன் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால், உடைப்பதிலிருந்து குளிப்பது வரை 8 முதல் 10 வாரம் ஆகும். அதில் கை வேலை கொஞ்சம்தான், மீதியெல்லாம் காய்வதற்குக் காத்திருப்பது.

3. தாள்களும் ஆட்களும்

பழைய கட்டட வரைபடம் இருந்தால் தொட்டியின் தடிமனும் குழாய் போகும் பாதையும் தெரியும். முன்பு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை உரிமையாளர்கள் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கட்டணம் செலுத்தி வாங்கலாம். எல்லாப் பழைய ஸ்பாவும் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில பின்னால் சேர்த்துக் கட்டியவை.

வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தொழில்நுட்பத் தாள் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் கிடைக்கும். அதில் 'நீச்சல் குளம்', 'தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கும் இடம்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் என்ன உறுதி சொன்னாலும் அந்தப் பொருள் வேண்டாம். ரசீது, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மின்சாரத்தை நீங்கள் தொடக்கூடாது. பம்ப், ஹீட்டர், தொட்டிக்குள் இருக்கும் விளக்கு மூன்றையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கழற்றி, வேலை முடிந்ததும் சோதித்து மாட்டவேண்டும். உரிமம் உண்டா என்பதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். வீடு 1985 ஜூலைக்கு முன் கட்டியது என்றால், மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பழைய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் அதைப் பொருத்தியிருக்கவேண்டும். ஈரத் தொட்டிக்குள் நின்று மின்கருவி பிடிக்கப்போகிறீர்கள், அது இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதிக்க நீச்சல் குள டெக்னீஷியன் ஒருவர் வேண்டும். இதை டைல்ஸ் எடுத்த பிறகு, புதிதாக எதையும் பூசுவதற்கு முன் செய்யவேண்டும். குழாயில் கசிவு இருந்தால் உங்கள் டைல் வேலை எவ்வளவு அருமையாக இருந்தாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் பேச்சுக் கொடுத்தால், "அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுக் கொடுத்துடறேன்" என்று சொல்லும் கைதேர்ந்த தம்பி ஒருவர் கிடைப்பார். வேலையும் அருமையாகச் செய்வார். ஆனால் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் முதலாளி அல்லாத இன்னொருவருக்கு வேலை செய்யக்கூடாது. பிடிபட்டால் வேலை கொடுத்தவருக்கு 5,000 முதல் 30,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தத் தம்பியின் கதி அதைவிட மோசம். பெர்மிட் போய் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடனை வாங்கி வந்த பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து யோசனை கேட்டுக்கொள்ளுங்கள், அது தப்பில்லை.

4. அளவும் செலவும்

2 மீட்டருக்கு 2 மீட்டர், 90 செ.மீ. ஆழம், நான்கு பக்கமும் 40 செ.மீ. அகல இருக்கைத் திட்டு உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். திட்டின் மேற்பரப்பும் தரையும் சேர்ந்து 4 சதுர மீட்டர். மேல்சுவர் 45 செ.மீ. உயரம் என்றால் 3.6. திட்டின் முகப்பு 2.16. மொத்தம் ஏறக்குறைய 10 சதுர மீட்டர், அதாவது 108 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 முதல் 15 விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைகளில் விலை சதுர அடிக்குச் சொல்வார்கள், விற்பது தாள் கணக்கில். மொசைக் தாள் ஒன்று ஒரு சதுர அடிக்குச் சரியாக இருக்காது. 30 செ.மீ. தாள் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு, 32.7 செ.மீ. தாள் அதைவிட அதிகம். தாளின் அளவைக் கேட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே நிறத் தொகுதி எண்ணில் இருக்கவேண்டும். பின்னால் கூடுதலாக வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.

நான் விலை கேட்டபோது இந்த அளவுத் தொட்டிக்குக் கிடைத்த வரம்புகள் இவை. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள், 9 விழுக்காடு சின்னத் தொகை இல்லை.

டைல்ஸ் 900 முதல் 2,200 வெள்ளி. வாட்டர்புரூஃபிங் 200 முதல் 350. பசை 100 முதல் 150. டைல் இடைவெளிகளை நிரப்பும் எபாக்ஸி கிரவுட் 250 முதல் 400. சிலிகான், மூலை நாடா, பிரைமர் போன்றவை 100. கருவிகள், வாடகை சேர்த்து 150 முதல் 300. இடிபாடு அகற்ற 150 முதல் 350. குள டெக்னீஷியன் 200 முதல் 500, எலக்ட்ரீஷியன் 150 முதல் 300. கூட்டினால் 2,200 முதல் 4,650 வெள்ளி வருகிறது. டைலுக்குப் போவது இதில் பாதிக்கும் குறைவு. பணம் முட்டினால் டைலில் குறையுங்கள், கீழே இருப்பதில் கை வைக்காதீர்கள்.

5. டைல் தேர்வு

கடைக்குப் போனதும் முதலில் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், அது எந்தப் பசையால் ஒட்டியது என்று கேளுங்கள். சாதாரண வலைப்பசை நீரில் ஊறிக் கரையும். வலை டைலின் முதுகில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வதால் நம் பசை டைலைத் தொடுவதும் குறையும். முன்பக்கம் காகிதம் ஒட்டிய தாள்தான் தண்ணீருக்குள் நம்பிக்கையானது, ஏனென்றால் முதுகு முழுவதும் வெறுமையாக இருக்கும். ஒட்டுவது கொஞ்சம் சிரமம், ஆனால் சில்லு கழலாது.

கண்ணாடி மொசைக் நீரை உறிஞ்சாது. போர்சலைன் என்றால் நீர் உறிஞ்சுதல் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். சாதாரண சுவர் டைல் சுடுநீரில் ஊறி வெடிக்கும். இந்தோனேசியாவின் பச்சை நிற சுகபூமிக் கல்லைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பாலித் தீவு விடுதி மாதிரி இருக்கும், எனக்கும் வந்தது. ஆனால் அது நுண்துளை உள்ள கல், பராமரிப்பு அதிகம், முதல் முறை பதிப்பவருக்கு வேண்டாம். பளிங்கு வேண்டவே வேண்டாம், நீரின் அமிலத்தன்மை கொஞ்சம் கூடினாலே அரித்துவிடும்.

படிக்கும் தரைக்கும் வெறுங்கால் வழுக்குத் தரம் பி அல்லது சி பாருங்கள். 2 செ.மீ. சில்லுகளில் இடைவெளி நிறைய இருப்பதால் காலுக்கு இயல்பாகவே பிடிப்பு கிடைக்கும். படி முனைக்கும் திட்டு முனைக்கும் மட்டும் வேறு நிறம் வையுங்கள். ஒரே நீலமாகப் பதித்தால் குமிழ் ஓடும்போது படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முனையில் வெட்டிய சில்லு வரக்கூடாது, காலைக் கிழிக்கும்.

ஹஃபாரி, சூன் பீ ஹுவாட் போன்ற பெரிய காட்சிக்கூடங்களில் தேர்வு அதிகம். கரோசல் இணையச் சந்தையில் மிச்ச டைல்ஸ் மலிவாக வரும், ஆனால் பெட்டியும் தொகுதி எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள்.

6. உடைப்பது, குப்பை, கொசு

தண்ணீரை இறைத்ததும் உடைக்க ஓடாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் வரை காலித் தொட்டியை மூடி வைத்து, பிறகு சுவரைப் பாருங்கள். வெளியிலிருந்து ஈரம் உள்ளே வந்தால் நிலத்தடி நீர் தள்ளுகிறது என்று அர்த்தம். சாதாரண பூச்சை அது உள்ளிருந்தே உரித்துவிடும். அங்கேயே நிறுத்திவிட்டு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

சத்தத்துக்கு வீவக வீடுகளில் கடைப்பிடிக்கும் நேரத்தையே, அதாவது வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை, நானும் வைத்துக்கொண்டேன். தரைவீட்டுக்கு அது அப்படியே பொருந்தும் விதியல்ல, ஆனால் பக்கத்து வீட்டு அங்கிளின் முகத்தை அப்புறமும் பார்க்கவேண்டும். உடைக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெட்டும்போது நீர் விட்டு வெட்டுங்கள். காய்ந்த தூளில் சிலிகா இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும். என்95 கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

இடிபாட்டை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. உரிமம் பெற்ற கழிவு அகற்றும் நிறுவனத்தைக் கூப்பிட்டு, அவர்கள் தரும் பெரிய தொட்டியை உங்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக் கலங்கல் நீரை வாசல் கால்வாயில் ஊற்றவே கூடாது. அது மழைநீர் போகும் வழி, நேரே நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது. வாளியில் படியவிட்டு, கெட்டியானதைக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.

காலித் தொட்டியில் ஒரு வாரம் மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகும். தொட்டியை விட, மேலே கட்டிய தார்ப்பாயின் மடிப்பும் கலக்கும் வாளிகளும்தான் மறந்துபோகும். சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது "வேலை நடக்கிறது" என்பது பதிலாகாது. சின்ன இறைப்பு பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் விழாதபடி பலகையும் போட்டு மூடுங்கள்.

7. தொட்டியைச் சீராக்குவது

பழைய பசை ஒட்டியிருந்தால் முழுவதும் சுரண்டுங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் 'டொக் டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வரும் இடங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் போடவேண்டும். பூச்சின் ஒவ்வொரு சென்டிமீட்டர் தடிமனுக்கும் ஒரு வாரம் காயவிடுவது பழைய கணக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் அதைக் குறைக்க இடமில்லை.

சுவரும் தரையும் சேரும் மூலைகளை வளைவாக மெழுகுங்கள். கூர்மையான மூலையில் வாட்டர்புரூஃபிங் மெலிந்து விரிசல் விடும்.

தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் முகப்புகள் இருக்கும் மட்டத்தை இப்போதே அளந்துகொள்ளுங்கள். பூச்சு, வாட்டர்புரூஃபிங், பசை, டைல் எல்லாம் சேர்ந்தால் சுவர் முன்னைவிட வெளியே வந்துவிடும். அப்புறம் ஜெட்டின் மூடி திருகில் ஏறாது. டெக்னீஷியனிடம் நீட்டிப்பு வளையம் கேளுங்கள். இதைக் கடைசியில் கண்டுபிடித்தால் ஜெட்டைச் சுற்றி உடைக்கவேண்டி வரும். அடித்தரையில் உள்ள உறிஞ்சு துளையின் மூடியைக் குறுக்காதீர்கள், டைலால் ஓரம் அடைக்காதீர்கள். தலைமுடியையோ கையையோ இழுத்துப் பிடித்துவிடாதபடி வடிவமைத்த மூடி அது.

8. வாட்டர்புரூஃபிங்

நேரமும் கவனமும் இங்கேதான் வேண்டும். குளங்களுக்கு ஏற்றது, தூளும் திரவமும் கலந்து பூசும் வளையும் தன்மையுள்ள சிமெண்டு வகை. கடையில் 'டூ பார்ட்' என்று கேட்டால் தெரியும். இரண்டு கோட், சேர்ந்து 2 மி.மீ. தடிமன். ஒரு மி.மீ.க்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.7 கிலோ தேவை. நம் 10 சதுர மீட்டருக்கு 34 கிலோ. 32 கிலோ செட் ஒன்றைக் கொடுத்து "போதும் பாஸ்" என்பார்கள். போதாது. மிச்சத்தை இழுத்துப் பூசினால் மெலிந்த இடம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அது தண்ணீருக்குத்தான் தெரியும்.

முதலில் எல்லா மூலைகளிலும் நாடா பதியுங்கள். ஜெட், விளக்கு, உறிஞ்சு துளை என்று குழாய் சுவரைத் துளைத்து வரும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றிலும் சிறிய பள்ளம் வெட்டி, சுருங்காத சிமெண்டுக் கலவையால் (நான்-ஷ்ரிங்க் கிரவுட்) நிரப்பி, மேலே ரப்பர் காலர் ஒட்டுங்கள். சுவர் நடுவில் கசிவது அபூர்வம். கசிவது இந்த ஓட்டைகளைச் சுற்றித்தான். பாதி நேரத்தை இவற்றுக்கே கொடுத்தாலும் தகும்.

முதல் கோட் ஒரு திசையில், இரண்டாவது அதற்குக் குறுக்கே. இரண்டும் வேறு நிறமாகக் கிடைத்தால் விட்ட இடம் பளிச்சென்று தெரியும். முடித்துவிட்டு 5 நாளாவது விடுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் கூட.

வாட்டர்புரூஃபிங், பசை, கிரவுட் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் வரிசையில் வாங்குங்கள். மாப்பெய், லாட்டிக்ரீட், டாவ்கோ எதுவாக இருந்தாலும் சரி, கலந்து வாங்காதீர்கள். பிறகு பிரச்சினை வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

9. நிரப்பிச் சோதிப்பது

"ஒரு நாள் தண்ணி விட்டுப் பாத்தா போதும்" என்று சொல்வார்கள். ஒரு நாள் என்பது குளியலறைத் தரைக்கு. ஸ்பாவுக்கு ஒரு வாரம் விடுங்கள். திட்டின் மேல் ஒரு வாளியை வைத்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டமாக இருக்கும்படி நிரப்பி, இரண்டிலும் கோடு போடுங்கள். ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான். தொட்டியில் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. மழைத்துளி விழாமல் மூடியிருக்கவேண்டும், இல்லையென்றால் கணக்கு கெட்டுவிடும்.

செலவைப் பார்த்து இதைத் தவிர்க்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வீட்டுக் குழாய்நீர் கன மீட்டருக்கு, மாதம் 40 கன மீட்டர் வரை, வரி, கட்டணமெல்லாம் சேர்த்து ஜிஎஸ்டிக்கு முன் 3.24 வெள்ளி. இந்தத் தொட்டிக்குச் சுமார் 2 கன மீட்டர். மொத்த வேலையில் ஆக மலிவானது இந்தச் சோதனைதான். கசிந்தால் இப்போதே திருத்தலாம். டைல் ஒட்டிய பிறகு என்றால் உடைக்கத்தான் வேண்டும்.

10. பதிப்பது

பசைப் பையில் 'சி2 டிஇ எஸ்1' என்ற குறியீட்டைத் தேடுங்கள். சி2 என்றால் மேம்பட்ட சிமெண்டுப் பசை, டி என்றால் சுவரில் வழுக்கி இறங்காது, இ என்றால் நீண்ட வேலை நேரம், எஸ் என்றால் வளைந்து கொடுக்கும். எஸ்2 இன்னும் நல்லது. சுடுநீரில் விரிந்து சுருங்கும் இடத்தில் எஸ் இல்லாத பசைக்கு வேலையில்லை. கண்ணாடி மொசைக்குக்கு வெள்ளைப் பசைதான், சாம்பல் நிறம் உள்ளிருந்து தெரிந்து டைலின் நிறத்தையே கெடுக்கும். தயாரித்த தேதி பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பழைய பை உள்ளேயே கட்டிபட்டிருக்கும். 10 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ ஆகும், ஒரு பை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

தண்ணீர் மட்டத்திலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. மேல் வரிசை கொஞ்சம் சாய்ந்தாலும், நிரப்பிய அன்று ஒரு பக்கம் முழு டைல், மறுபக்கம் அரை டைல் என்று காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் நான்கு சுவரிலும் கோடு போட்டு, மேலே முழுச் சில்லு வரும்படி வைத்து, வெட்டுகளைக் கீழ் மூலைக்குத் தள்ளுங்கள். வரிசை இப்படி: மேல்சுவர், திட்டின் முகப்பு, திட்டின் மேல், கடைசியில் தரை. தரையில் நீர் துளைக்கு ஓடும் சரிவு இருக்கவேண்டும்.

இட்லி மாவை விடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் பசையைக் கலக்குங்கள். சிறிய அளவாகவே கலக்குங்கள். பல் கரண்டியால் இழுத்து, மொசைக்குக்கு அந்தக் கோடுகளைத் தட்டையாக்கிவிடுங்கள். கோடுகளுக்கு இடையே காற்று நின்றால் அதில் நீர் புகும். தாளின் முதுகிலும் மெலிதாகப் பசை தடவுங்கள். தண்ணீருக்கு அடியில் டைலின் முதுகு முழுவதும் பசையில் படிந்திருக்கவேண்டும், 80 விழுக்காடு போதும் என்பதெல்லாம் வரவேற்பறைத் தரைக்கு. அவ்வப்போது ஒரு தாளைப் பிரித்து முதுகைப் பாருங்கள்.

காகிதத் தாளை ஒட்டி மரப்பலகையால் மெதுவாகத் தட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துக் காகிதத்தை நனைத்துச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி உரியுங்கள். வெயில் நாளில் அதற்கு முன்பே பார்க்கத் தொடங்குங்கள். நகர்ந்த சில்லுகளைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் இதுதான். பையின் நேரம் தாண்டிய பசையில் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கையுறை போடுங்கள், ஈரச் சிமெண்டு தோலைச் சுடும்.

11. கிரவுட்டும் சிலிகானும்

பதித்து ஒரு நாளாவது ஆன பிறகு கிரவுட். எபாக்ஸிதான் என் தேர்வு. சிமெண்டு கிரவுட் மலிவு, ஆனால் சிங்கப்பூர்க் குழாய்நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீர், சூடாக இருக்கும்போது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பை இழுத்துக்கொள்ளும். 2 செ.மீ. சில்லு, 4 மி.மீ. தடிமன், 2 மி.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 1.3 கிலோ, மொத்தம் 13 கிலோ.

எபாக்ஸி நம் ஊர்ச் சூட்டில் வேகமாக இறுகும். வாளியிலேயே விட்டால் தன் சூட்டில் தானே இன்னும் வேகமாக இறுகும். அதனால் கலந்ததும் தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தேய்க்க, ஒருவர் பின்னாலேயே துடைக்க. அன்றே துடைக்காத படலம் மறுநாள் கல்லாகிவிடும். தோலில் பட்டால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமையே வரும், நைட்ரில் கையுறை கழற்றாதீர்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலை, ஜெட் விளிம்பு, தொட்டியின் மேல் விளிம்பும் முற்றத்துத் தரையும் சேரும் இடம் ஆகியவற்றில் கிரவுட் கூடாது. அங்கெல்லாம் குளத்துக்கான சிலிகான். இறுகிய கிரவுட் அங்கே முதல் மாதத்திலேயே விரிசல் விடும்.

12. தண்ணீர் விடுவது

கிரவுட் முடித்து 3 வாரம் விடுங்கள். வீட்டில் எல்லாரும் கேட்பார்கள், பிள்ளைகள் நச்சரிப்பார்கள், இருந்தாலும் விடுங்கள். எலக்ட்ரீஷியன் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பம்ப் ஓடவேண்டும்.

நாளுக்கு 75 செ.மீ.க்கு மேல் ஏறாமல் நிரப்புங்கள், இந்த ஆழத்துக்கு இரண்டு நாள். சூடேற்றுவதும் மெதுவாகத்தான்: மணிக்கு கால் பாகை. 28 பாகைக் குழாய்நீர் 38 பாகைக்கு வர 40 மணி நேரம். ஹீட்டர் ஒரே மூச்சில் ஏற்றிவிடும், அதனால் அளவை நீங்களே இரண்டு இரண்டு பாகையாகக் கூட்டுங்கள். 40 பாகையைத் தாண்டவேண்டாம்.

முதல் மாதம் சோதனைப் பட்டையால் அடிக்கடி பாருங்கள். பிஎச் ஏறக்கூடும், 7.2க்கும் 7.8க்கும் நடுவில் வையுங்கள். சுண்ணாம்புக் கடினம் 150 முதல் 250 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) வரை வரும்படி கால்சியம் குளோரைடு சேருங்கள். டைலில் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றச் சொல்லும் ஆள் கட்டாயம் வருவார். வேண்டாம். டைல் கடையில் சல்ஃபாமிக் அமிலத் தூள் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துத் துடைத்து உடனே அலசிவிட்டால் போதும். மிச்சமான டைல்ஸில் ஒரு தாளையும், கிரவுட்டின் நிற எண்ணையும் ரசீது வைத்த கோப்போடு போட்டு வையுங்கள்.